முற்றியதும் முடிந்ததும்

‘நோய் முடிந்தது’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. நோய் தீரும், தணியும், குணமாகும். அப்படி ஆகாவிட்டால் முற்றும். மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து ‘நோய் முற்றிவிட்டது’ என்று சொன்னால் வீட்டார் கலங்கிப்போவார்கள். அதே சொல்லைத் தொடர்கதையின் கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ என்று பார்த்தால் ஒருவரும் கலங்குவதில்லை. கதை முடிந்துவிட்டது என்று இதழை மூடி வைப்பார்கள். அகராதியைப் புரட்டினால் ‘முற்று’ என்பதற்கு ‘முடி’ என்றும் ஒரு பொருள் இருக்கும். ஆனால் ‘சண்டை முடிந்தது’ என்பதும் ‘சண்டை முற்றியது’ என்பதும் நேர் எதிரான இரண்டு செய்திகள். ஒன்றைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மற்றொன்றைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு விலக்கிவிட ஓட வேண்டும்.

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு என்பதால் இந்தச் சொல் அடிக்கடி என் மேசைக்கு வரும். ஒருமுறை ஓர் ஆண்டறிக்கையில் ‘பாலப் பணிகள் முற்றின’ என்று ஒரு தொடர் இருந்தது. அதைச் சுழித்து, ‘முடிந்தன’ என்று பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அறிக்கையை எழுதியவர் தொலைபேசியில் அழைத்து, “முற்றுன்னா முடிஞ்சதுன்னுதானே சார் அர்த்தம்? முற்றுப்புள்ளின்னு சொல்றோமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று இரண்டு வரியில் ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதிலை விரித்து எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே எண்ணம்.

இந்தச் சொல் இன்றைக்கு முழு உயிரோடு நடமாடும் இடம் காய்கறிச் சந்தை. பேச்சில் றகரம் தகரமாகி ‘முத்தல்’, ‘முத்திப் போச்சு’ என்று வழங்கும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, ‘சடக்’கென்று ஒடிந்தால் இளசு, வளைந்து கொடுத்தால் முற்றல் என்று தள்ளிவைப்பதும், அதைப் பார்த்துக் கடைக்காரர் முகம் சுளிப்பதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார்ப்பார்கள். கொத்தவரை, பீர்க்கு, புடலை, கத்தரி ஆகியவற்றுக்கெல்லாம் முற்றல் ஒரு குறை: நார் ஏறிவிடும், விதை பருத்துவிடும், சமைத்தால் சக்கையாக நிற்கும். தேங்காய்க்கு மாறிவந்தால் அதே முற்றல் தகுதியாகிவிடுகிறது. முற்றாத காயை உடைத்தால் வழுக்கைதான் இருக்கும். துருவவும் வராது, பாலும் நிற்காது. வீட்டில் வைத்துக்கொள்ளும் பூசணி முற்றியிருக்க வேண்டும். வாசற்காலுக்கு எடுக்கும் மரம் முற்றியிருக்க வேண்டும். பழுக்க வைக்கும் மாங்காய் கட்டாயம் முற்றியிருக்க வேண்டும். முற்றாமலே பறித்துப் புகைபோட்ட காய் மேலுக்கு மஞ்சளாகும், உள்ளே புளிக்கும். அதை வெம்பல் என்போம், பழம் என்று சொல்ல மாட்டோம்.

தோட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கொடியிலுள்ள காய்களில் நன்றாகத் திரண்ட ஒன்றிரண்டை மட்டும் பறிக்காமல் ‘விதைக்கு’ என்று விட்டுவிடுவார்கள். சுரையோ பாகலோ கத்தரியோ, அது முற்றி, நிறம் மாறி, தோல் தடித்த பிறகே எடுப்பார்கள். தின்கிறவர் கண்ணுக்கு வீணாய்ப்போன அந்தக் காய்தான் செடியின் பக்கமிருந்து பார்த்தால் வேலையைச் சரியாகச் செய்துமுடித்த காய். ‘கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும்’ என்ற பழமொழியும், உள்ளே நடப்பது அதன் அளவை எட்டிவிட்டால் வெளியே வராமல் இருக்க வழியில்லை என்பதைத்தான் சொல்கிறது. அதாவது முற்றுவது என்பது நின்றுபோவது அன்று. தனக்குள் இருப்பது முழு அளவுக்கு வந்துவிடுவது. அதற்குப் பிறகு அந்தப் பொருள் நிற்கலாம், வெடிக்கலாம், விதையாகலாம், ஆளைக் கொல்லலாம். அதெல்லாம் அடுத்த கதை.

இதை ஒப்புக்கொண்டால் நோய், சண்டை ஆகியவற்றின் புதிர் விடுபடுகிறது. தானாக வளரக்கூடியவை எல்லாம் தமிழில் முற்றும்: பயிர், பகை, பைத்தியம், வாக்குவாதம், கலி. ஒருவர் செய்து ஓய வேண்டியவை எல்லாம் முடியும்: கூட்டம், தேர்வு, கட்டடம், கல்யாணம். வாக்குவாதம் இரண்டு வகையிலும் சேரும் என்பதால் முற்றவும் செய்யும், முடியவும் செய்யும். முற்றிய பிறகு முடியலாம், முற்றாமலே முடியலாம். பாலத்துக்குத் தானாக வளரும் குணம் கிடையாது. அதனால்தான் ‘பாலப் பணிகள் முற்றின’ என்பது இன்றைய காதுக்கு உறுத்துகிறது.

இன்றைய காதுக்கு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிக்கை எழுதியவர் சங்கப் பாடல்களை யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று கூறும் துறைக்குறிப்புகளைப் படித்தவராக இருந்திருந்தால் என்னை மடக்கியிருக்கலாம். அங்கே ‘வினைமுற்றிய தலைமகன் தேர்ப்பாகற்குச் சொல்லியது’ என்பதைப் போன்ற குறிப்பு திரும்பத் திரும்ப வரும். வேந்தன் ஏவிய போர்த்தொழிலை முடித்துவிட்டு, கார்காலம் வந்துவிட்டதே என்ற பதைப்போடு தேரை விரைந்து ஓட்டச் சொல்லும் தலைவன் அவன். அக்காலத்தில் வேலையும் முற்றியிருக்கிறது. பிற்காலத்தில் பேச்சுவழக்கு இந்தச் சொல்லை மெல்ல மெல்லக் காய்க்கும் நோய்க்கும் பகைக்கும் ஒதுக்கிவிட்டு, வேலைகளை ‘முடி’யிடம் ஒப்படைத்துவிட்டது.

அந்தத் தலைவன் செய்த வேலை போர் என்பதால் இன்னொரு பொருளையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘முற்று’ என்றால் சூழ்ந்துகொள்ளுதல் என்றும் பொருள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முதிர்தலையும் சூழ்தலையும் இந்த ஒரே சொல்லின் கீழ்தான் தருகிறது. கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’ என்கிறது. கோட்டையை வளைத்துக்கொள்வது முற்றல், பிடித்துக்கொள்வது கோடல். இரண்டும் வேறு வேறு செயல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முற்றிவிட்டால் பிடித்துவிட்டதாக ஆகாது. வள்ளுவரும் அரணுக்கு இலக்கணம் சொல்லும்போது ‘முற்றியும் முற்றாது எறிந்தும் அறைப்படுத்தும் பற்றற்கு அரியது அரண்’ என்கிறார். சுற்றி வளைத்துப் பார்க்கிறார்கள், வளைக்காமல் பாய்ந்து தாக்கிப் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பவர்களை வஞ்சனையால் கெடுத்துப் பார்க்கிறார்கள். மூன்றுக்கும் மசியாமல் நிற்பதுதான் கோட்டை.

முதிர்வதும் சூழ்வதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்று நான் யோசித்ததுண்டு. இடைவெளி இல்லாமல் போவது இரண்டுக்கும் பொது என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டையைச் சுற்றிய படை, ஒரு வாயில் கூட மிச்சமில்லாமல் வட்டத்தை நிறைத்தால்தான் முற்றுகை. கதிரில் பால் பிடித்த மணிகள் ஒன்றுவிடாமல் திரண்டால்தான் முற்றிய கதிர். ‘முற்றிலும்’, ‘முற்றாக’ என்று நாம் தினமும் எழுதும்போதும், ஈழத்துச் செய்தித்தாள்கள் ‘முற்றுமுழுதாக’ என்று இரட்டித்து எழுதும்போதும் இந்தப் பொருள்தான் நிற்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய செய்திகளில் வரும் முற்றுகைப் போராட்டங்களில் பெரும்பாலானவை முற்றாத முற்றுகைகள்தாம். முன்வாசலில் முழக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதிகாரியின் வண்டி பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

முற்றுகையைப் பற்றிய தமிழ்ப் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது புறநானூற்றின் 109ஆம் பாட்டு. பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் வளைத்துக்கொண்டபோது கபிலர் அவர்களைப் பார்த்துச் சொல்வது அது. ‘மூவிரும் முற்றினும்’ என்று சொல்லி, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து முற்றினாலும் இந்த மலைக்கு உழவர் உழாமலே கிடைக்கும் பயன்கள் நான்கு உண்டு என்று எண்ணிக் காட்டுகிறார்: மூங்கிலில் நெல் விளையும், பலாவில் பழம் பழுக்கும், வள்ளியில் கிழங்கு இறங்கும், குன்றிலிருந்து தேன் சொரியும். வெளியே படை முற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே விளைச்சல் தன்போக்கில் முற்றிக்கொண்டிருக்கிறது. சொல்லின் இரண்டாவது பொருளைக் கபிலர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ‘விளையும்மே’, ‘ஊழ்க்கும்மே’ என்று அவர் அடுக்கும்போது அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. வாளால் இந்த மலையைக் கொள்ள முடியாது, யாழை மீட்டி, ஆடிப் பாடிக்கொண்டு போனால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தந்துவிடுவான் என்று பாட்டு முடிகிறது. இந்தப் பாட்டின் இலக்கணத்துக்குக் கீழே மறுபடியும் வரவேண்டியிருக்கும்.

‘முடிவு’, ‘முற்று’ இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன இடங்கள் நம் நூல்களில் உண்டு. அவற்றில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்’ என்பது வினைசெயல்வகையில் உள்ள 676ஆம் குறள். ஒரு செயலை முடிக்க என்ன பாடுபட வேண்டும், நடுவில் என்ன தடை வரும், அது நிறைவேறியபோது என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் எடைபோட்டுச் செய் என்பது கருத்து. முடிவு என்ற சொல்லைக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இங்கே முடிப்பதற்கான முயற்சி என்று கொள்கிறார். பயனைச் சொல்லும் இடத்தில் மட்டும் வள்ளுவர் ‘முற்றியாங்கு’ என்கிறார். உழைப்பும் தடையும் முடிவின் பக்கம். விளைச்சல் முற்றின் பக்கம்.

இதைவிடக் கூர்மையான சான்று அதே பரிமேலழகர் உரையில், கடவுள் வாழ்த்தில் இருக்கிறது. இறைவனின் எண்குணங்கள் எவை என்று பட்டியலிடும்போது அவர் ‘முற்றும் உணர்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறார், ‘முடிவில் ஆற்றல் உடைமை’ என்று மற்றொன்றைச் சொல்கிறார். கடவுளின் அறிவுக்கு முற்று உண்டு. ஆற்றலுக்கு முடிவு இல்லை. இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்று என்றால் இந்தப் பட்டியல் தனக்குத்தானே முரண்படும். அப்படி முரண்படுவதாக இதுவரை ஒருவருக்கும் தோன்றாததற்குக் காரணம், நிறைவது வேறு, ஓய்வது வேறு என்று தமிழ்க் காது அறிந்திருப்பதுதான்.

‘தீர்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ‘தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டு ஆகும்’ என்று தொல்காப்பியம் உரியியலில் முடித்துவிட்டது. விட்டு விலகுவது, இல்லாமல் போவது. அரிசி தீரும், கடன் தீரும், ஐயம் தீரும், வழக்கு தீர்ந்து தீர்ப்பாகும். மிச்சமில்லாமல் போவது என்ற அளவில் அது முற்றுக்குப் பக்கத்தில் வருவதும் உண்டு. ‘தலைப்பட்டார் தீரத் துறந்தார்’ என்ற குறளில் ‘தீர’ என்பதற்குப் பரிமேலழகர் ‘முற்ற’ என்றே பொருள் எழுதுகிறார். ‘முடி’யின் கதை வேறு. கூந்தலை முடிவதும், முடிச்சுப் போடுவதும், காரியத்தை முடிப்பதும் ஒரே ஒலியில் வந்து நிற்பதைப் பயன்படுத்திக்கொள்ளாத தமிழ்க் கவிஞர்கள் குறைவு. பாரதியின் பாஞ்சாலி குழலை முடிப்பேன் என்றும், அதற்கு முன் முடியேன் என்றும் சபதம் செய்யும்போது, கூந்தலும் சபதமும் ஒரே வினையில் தொங்குகின்றன. இன்றைய பேச்சில் அந்த வினை செய்யும் வேலைக்கு அளவே இல்லை: முடிந்தது என்றால் ஓய்ந்தது, முடியும் என்றால் இயலும், ‘உடம்புக்கு முடியலை’ என்றால் நோய், வெறும் ‘முடியல’ என்றால் பொறுமை போய்விட்டது. வீட்டுப் புழக்கத்தில் அதையும் ஓரம்கட்டிவிட்டு ‘ஆச்சு’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘சாப்பாடு ஆச்சா?’ என்றுதான் கேட்கிறோம், ‘முடிஞ்சுதா?’ என்று கேட்டால் இலையை எடுக்கப்போகிறார்கள் என்று பொருள். பொது மேடைகளில் ‘முடிவு’, ‘இறுதி’ ஆகிய சொற்களைத் தவிர்த்து ‘நிறைவு’ என்று போடுவதும், ஓய்வு பெறுபவருக்குப் ‘பணி நிறைவு’ விழா நடத்துவதும் நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். மங்கலத்துக்காகச் செய்ததாக இருந்தாலும், போகிற போக்கில் அது ‘முற்று’ விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பேச்சுவழக்கு கைவிட்ட இந்தச் சொல்லை இலக்கணக்காரர்கள் விடவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. ‘வினைமுற்று’ என்ற சொல்லைப் பள்ளியில் படிக்கும்போது அது வெறும் பெயராகத்தான் மனப்பாடமாகிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் போர் முடித்துத் திரும்பும் தலைவனுக்குச் சொன்ன அதே ‘வினை’, அதே ‘முற்று’. எப்போது ஒரு வினைச்சொல் முற்றுகிறது? ‘வந்து’ என்றால் செயல் தெரிகிறது, காலம் தெரிகிறது. வந்தது யார் என்று தெரியவில்லை. நன்னூல் வினையெச்சத்துக்கு இலக்கணம் சொல்லும்போது தொழிலும் காலமும் தோன்றும், பால் தோன்றாது என்கிறது. ‘வந்தாள்’ என்றதும் அந்தக் குறை நீங்கிவிடுகிறது. செய்பவர் இன்ன பால், இன்ன இடம், காலம் இது என்று எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இனி அந்தச் சொல்லுக்கு வெளியிலிருந்து வேறு வினை வந்து தாங்க வேண்டியதில்லை. அது காய் முற்றுவது போலவேதான். முற்றிய பிறகு காம்பைத் தேடாது.

முற்றாதது எச்சம். தமிழ்த் தொடரின் அழகும் தொல்லையும் இந்த எச்சத்தில்தான் இருக்கின்றன. ‘ஊருக்குப் போய், பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசி, நிலத்தை அளந்து, விற்று, கிடைத்த பணத்தில் கடனை அடைத்து, மிச்சத்தை வங்கியில் போட்டுவிட்டு’ என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இத்தனையையும் செய்தது நானா, அவளா, அவர்களா என்பது கடைசியில் வரும் ‘வந்தேன்’, ‘வந்தாள்’, ‘வந்தார்கள்’ என்பதன் விகுதியில்தான் இருக்கிறது. பழைய உரையாசிரியர்கள் இப்படி எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி, ஒரே முற்றில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர்களிடம் பழகியவர்களுக்கு அந்த ஓட்டம் ஒரு சுகம், பழகாதவர்களுக்கு மூச்சுமுட்டும். வினையிலும் பகையிலும் எச்சம் வைத்தால் அது தீயின் எச்சத்தைப் போலச் சுடும் என்று ‘வினைபகை என்றிரண்டின் எச்சம்’ குறளில் வள்ளுவர் எச்சரிக்கிறார். அங்கே ‘வினை’ என்றது செயலை. ஆனால் மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு அது வினைச்சொல்லாகவும் காதில் விழும். எச்சத்தில் தொடங்கிப் பத்து வரி ஓடி, முற்றுக்கு வந்து சேராமலே நின்றுபோன தொடர்களைத் திருத்துவதுதான் என் வேலையில் பாதி.

முற்று, எச்சம் என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதற்கு ‘முற்றெச்சம்’ என்று பெயர். வடிவத்தில் முற்றாக இருந்துகொண்டு எச்சத்தின் வேலையைச் செய்யும் சொல் அது. பள்ளியில் படிக்கும்போது இப்படியும் ஒரு சொல் இருக்குமா என்று தோன்றும். அதற்கு மேலே சொன்ன பறம்புப் பாட்டிலேயே சான்று இருக்கிறது. ‘ஆடினிர் பாடினிர் செலினே’ என்கிறார் கபிலர். ஆடினீர், பாடினீர் என்று இரண்டு முழு முற்றுகள். ஆனால் பொருள் ‘ஆடிப் பாடிச் சென்றால்’ என்பதுதான். தனித்து நிற்கக்கூடிய இரண்டு சொற்கள் ‘செலின்’ என்ற சொல்லுக்குக் கீழ்ப்பட்டு, அதை நோக்கி நகர்கின்றன. ‘ஆடிப் பாடி’ என்றே சொல்லியிருந்தாலும் பொருள் மாறியிருக்காது. ஆனால் வேந்தர்கள் ஆடுவதையும் பாடுவதையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டும் குத்தல் போயிருக்கும். படைகொண்டு முற்றியவர்களிடம் முற்றெச்சத்தில் பேசுகிறார் என்று சொன்னால் வெறும் சொல் விளையாட்டு என்று தோன்றலாம். கபிலர் நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை.

நினைவுக்கு வந்ததால் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். உகரம் முழு மாத்திரை ஒலித்தால் முற்றியலுகரம், குறைந்து ஒலித்தால் குற்றியலுகரம். ‘முற்று’ என்ற சொல்லின் ஈற்றில் உள்ள உகரம் வன்றொடர்க் குற்றியலுகரம். முழுமையைக் குறிக்கும் சொல் தான் மட்டும் முழுதாக முடியவில்லை.

தொடரை வினைமுற்றே முடித்துவைத்ததால் தமிழுக்கு நெடுங்காலம் முற்றுப்புள்ளி என்ற குறி தேவைப்படவில்லை. தமிழில் புள்ளி இருந்தது; ஆனால் அது செய்த வேலை வேறு. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. க் என்பதன் தலையில் இருக்கும் புள்ளி அது. அக்காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி இருந்தது. ஓலையில் எழுத்தாணி அழுந்தினால் பொத்துவிடும் என்பதால் அந்தப் புள்ளிகளையும் பெரும்பாலும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். தொடர் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர் வினையின் விகுதியிலும், பாட்டென்றால் ஈற்று ஏகாரத்திலும், யாப்பிலும் கேட்டுத் தெரிந்துகொண்டார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதற்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்துத்தான், ஆறுமுக நாவலர் போன்றோரின் பதிப்புகள் வழியாக, இன்றைக்கு நாம் போடும் நிறுத்தற்குறிகள் தமிழ் உரைநடையில் வேரூன்றின. வந்து சேர்ந்த அந்தக் குறிக்குப் பெயர் வைத்தவர்கள் ‘முடிவுப்புள்ளி’ என்று வைக்காமல் ‘முற்றுப்புள்ளி’ என்று வைத்தார்கள். வினைமுற்று இருக்கும் இடத்தில் விழும் புள்ளி என்பதால் பெயர் பொருந்திவிட்டது.

அந்தப் பெயர் பிறகு செய்தித்தாள்காரர்களிடம் சிக்கிக்கொண்டது. ‘வதந்திக்கு முற்றுப்புள்ளி வைத்தார்’, ‘கூட்டணிக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி’ என்று நாள்தோறும் வைக்கிறார்கள். மறுநாள் அதே வதந்தி அதே பக்கத்தில் தொடரும். இந்தத் தேய்ந்த தொடரை எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு ‘மறுத்தார்’ என்றோ ‘நிறுத்தினார்’ என்றோ எழுதுவது என் வழக்கம். விளம்பரத் தொடர்களில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. ‘உங்கள் இல்லம் ஒளிர.’ என்று எச்சத்துக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளியைக் குத்திவிடுகிறார்கள். ஒளிர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. அது அவர்கள் தொழில் தந்திரம் என்றால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நூலின் கடைசியில் இடும் ‘முற்றிற்று’, ‘முற்றும்’ ஆகியவை இந்தப் புள்ளியைவிட மிகப் பழையவை. ஏடு எழுதியவர்கள் ‘எழுதி நிறைந்தது’ என்றும் குறிப்பார்கள். அங்கேயும் நிறைவுதான், ஓய்வு அன்று. ‘முற்றிற்று’ என்பது இறந்தகால முற்று, அதில் சிக்கல் இல்லை. ‘முற்றும்’ என்பதுதான் எனக்கு வியப்பு. அது செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. கபிலர் சொன்ன ‘விளையும்’, ‘ஊழ்க்கும்’, ‘சொரியும்’, ‘ஈயும்’ எல்லாம் இதே வாய்பாடுதான். இறந்தகாலத்தை அந்த வடிவம் காட்டாது. இனி நடப்பதையும் எப்போதும் நடப்பதையும்தான் காட்டும். வார இதழில் முப்பது வாரம் போடும் ‘தொடரும்’ என்பதும், முப்பத்தோராம் வாரம் போடும் ‘முற்றும்’ என்பதும் இலக்கணத்தில் ஒரே அச்சில் வார்த்தவை. தொடர்கதை படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த இரண்டு சொற்களும் வாரத்தின் நாட்களைப் போலப் பழகிப்போனவை. திரைப்படங்கள் ‘சுபம்’, ‘வணக்கம்’ என்று வேறு வழியில் போயின. இப்போதைய தொடர்களில் இரண்டாம் பாகத்துக்கு இடம் வைத்துவிட்டு நிறுத்துவதால் ‘முற்றும்’ போடும் துணிவு அருகிவருகிறது.

கடைசியாக ‘உம்’ பற்றி. ‘மூவரும் வந்தனர்’ என்றால் வரவேண்டிய மூன்று பேரும் வந்துவிட்டார்கள், ஒருவரும் பாக்கியில்லை. இந்த உம்முக்கு முற்றும்மை என்று பெயர். ‘முருகனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள் என்ற மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது எச்சவும்மை. ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்று நன்னூல் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. தொல்காப்பியமும் இதையே சொல்லியிருக்கிறது. எதிர்மறை வந்தால் முற்று உடைந்துவிடும் என்பது செய்தி. பத்தும் கொடு என்றால் பத்தையும் கொடுக்க வேண்டும். பத்தும் கொடுக்காதே என்றால்? ஒன்றுமே கொடுக்காதே என்றும் ஆகலாம், சிலவற்றை மட்டும் கொடு என்றும் ஆகலாம். சென்ற மாதம் நான் திருத்திய கூட்டக் குறிப்பு ஒன்றில் ‘உறுப்பினர்கள் எல்லாரும் தீர்மானத்தை ஏற்கவில்லை’ என்று இருந்தது. ஒருவர்கூட ஏற்கவில்லையா, சிலர் மட்டும் ஏற்கவில்லையா என்று கேட்டு எழுதினேன். ‘சிலர்’ என்று பதில் வந்தது. ‘உறுப்பினர்களில் சிலர் ஏற்கவில்லை’ என்று மாற்றினேன். தீர்மானம் நிறைவேறியது என்பது அப்போதுதான் குறிப்பைப் படிப்பவருக்குப் புரிந்தது.